14 லட்சத்துக்கு மனித உருவ ரோபோ: மெஷின் ஷாப்பில் நிறுத்தலாமா?

கேள்வி: "அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறேன். நாலு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் மெஷின்), இரண்டு ஷிப்ட். ஹெல்ப்பர் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் திரும்புவதில்லை. மனித உருவ ரோபோ 14 லட்சத்துக்கே வந்துவிட்டது என்று மகன் வீடியோ காட்டுகிறான். ஜாப் (கடைய வேண்டிய உலோகத் துண்டு) மாற்றிப் போட ஒன்று வாங்கி வைக்கலாமா? அதற்குள் என்னதான் இருக்கிறது, உண்மையில் என்ன செய்யும்? அவன் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. இந்தப் பக்கம் போகலாமா என்றும் கேட்கிறான்."

சார், முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். வீடியோவில் நீங்கள் பார்த்து அசந்தது முழுக்கக் கால் வேலை. உங்கள் லேத் கேட்பது முழுக்கக் கை வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இந்தத் துறையின் இன்றைய நிலவரம். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம். நான் இருபக்கமும் பார்க்கிற ஆள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளுக்கு ஆட்டோமேஷன் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு.

உங்கள் மகன் காட்டியது சீனாவின் யூனிட்ரீ ஜி1 ஆக இருக்க வேண்டும். 2024 மே மாதம் 16,000 டாலர் என்று அறிவித்தார்கள். அந்த 14 லட்சம் அங்கிருந்துதான் வருகிறது. சுங்கவரி, சரக்குக் கட்டணம் எல்லாம் தனி. உயரம் சுமார் 130 செ.மீ., எடை 35 கிலோ. அடிப்படை மாடலில் 23 மூட்டுகள். ஒரு சார்ஜுக்கு 2 மணி நேரம். கை தாங்குவது 2 கிலோ வரை. அப்புறம் முக்கியமான ஒன்று: அந்த விலைக்கு வருவதில் விரலே கிடையாது. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு ரப்பர் முட்டிதான். விரல் வேண்டுமென்றால் தனிக் காசு. நம் இஷ்டத்துக்கு புரோகிராம் எழுத வேண்டுமென்றால் அதைவிட விலை கூடிய கல்வி மாடலுக்குப் போக வேண்டும். கல்லூரி ஆய்வகத்துக்கு அருமையான பொருள். மெஷின் ஷாப்புக்கு, விரலில்லாத ஹெல்ப்பர்.

சரி, மனித உருவம் எதற்கு?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையில் கார் பாடிக்கு வெல்டிங் போடும் ரோபோ கைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை தரையில் போல்ட் போட்டு நிறுத்தப்பட்டவை. ஒரே ஃபிக்சர் (பாகத்தை அசையாமல் பிடிக்கும் சட்டம்), ஒரே பாதை, வருடக்கணக்கில் ஒரே வேலை. மாடல் மாறினால் இன்ஜினீயர் வந்து எல்லாவற்றையும் திரும்ப அமைக்க வேண்டும். பொதுப் பயன்பாட்டு ரோபோ என்று சொல்வது இதற்கு நேர் எதிரானது. காலையில் ஜாப் ஏற்ற வேண்டும், மதியம் பெட்டி கட்ட வேண்டும், சாயங்காலம் தரை பெருக்க வேண்டும். வேலையை மாற்ற ஃபிக்சரை மாற்றக் கூடாது, வாயால் சொன்னால் போதும். இதுதான் கனவு.

அந்தக் கனவுக்கு மனித உருவம் ஏன் என்றால், வழக்கமாகச் சொல்லும் காரணம் உலகம் மனித அளவில் கட்டப்பட்டிருக்கிறது என்பது. படிக்கட்டின் உயரம், கதவுக் கைப்பிடி, ஸ்பானரின் பிடி, உங்கள் லேத்தின் டோர், எல்லாம் ஐந்தரை அடி ஆளுக்காகச் செய்தவை. உண்மைதான். ஆனால் தொழிற்சாலைக்கு இந்த வாதம் பாதிதான் பொருந்தும், ஏனென்றால் ஆலைத் தரை சமமானது, அங்கே சக்கரமே போதும். எனக்கு இதைவிட வலுவாகப் படும் காரணம் வேறு. இப்போது ரோபோவுக்கு வேலை கற்றுக்கொடுப்பது மனிதர்கள் செய்வதைப் பதிவு செய்து காட்டித்தான். கற்றுக்கொடுப்பவருக்கும் கற்பதற்கும் இரண்டு கை, பத்து விரல், தலையில் கண் என்று உடம்பு ஒத்துப்போனால் பாடம் நேராக இறங்குகிறது. உருவம் பாடத்துக்காக, படிக்கட்டுக்காக அல்ல என்றுகூடச் சொல்வேன்.

இனி உள்ளே போகலாம். மெஷின்காரர் என்பதால் மூட்டிலிருந்தே தொடங்குகிறேன், அங்கேதான் செலவில் பெரும் பங்கு போகிறது.

கையை நீட்டி, தோளிலிருந்து 60 செ.மீ. தள்ளி 10 கிலோ ஜாப்பைப் பிடிப்பதாக வையுங்கள். அதற்கே தோளில் சுமார் 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். கையின் சொந்த எடை 5 கிலோ என்றால் இன்னொரு 15. ஆக 74. தோளுக்குள் அடங்குகிற சின்ன மோட்டார் நேரடியாகக் கொடுப்பது ஒன்றிரண்டு நியூட்டன் மீட்டர்தான். நடுவில் கியர் இல்லாமல் முடியாது.

அந்தக் கியரில் பிரபலமானது ஹார்மானிக் டிரைவ். 1950களில் வால்டன் மஸ்ஸர் என்ற அமெரிக்கப் பொறியாளர் கண்டுபிடித்தது. மெல்லிய எஃகுக் கிண்ணம் ஒன்று, அதன் வெளிப்பக்கம் 200 பல். அதைச் சுற்றி 202 பல் கொண்ட கெட்டியான வளையம். கிண்ணத்துக்குள் நீள்வட்டத் தட்டு (கேம்) சுற்றும்போது கிண்ணம் நெளிந்து நெளிந்து வளையத்தோடு கடிக்கும். கேம் ஒரு முழுச்சுற்று வந்தால் கிண்ணம் இரண்டே பல் நகரும். 100-க்கு 1 குறைப்பு, பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே ஆட்டம்) இல்லாத அளவுக்கு இறுக்கம், உள்ளங்கை அளவுக்குள் அடங்கிவிடும். கியர் வெட்டத் தெரிந்த உங்களுக்கு அந்த நெளியும் கிண்ணத்தின் மெட்டீரியலும் ஹீட் ட்ரீட்மென்டும் எவ்வளவு சிரமம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விலை அங்கேதான் ஏறுகிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கியர் விகிதம் 100 என்றால், மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டாரின் சுழல் நிலைமம் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை) வெளியே விகிதத்தின் இருமடியாக, அதாவது 10,000 மடங்காகத் தெரியும். கை எங்காவது இடித்தால் ரோட்டாரும் கூடவே சட்டென்று நூறு மடங்கு வேகத்தில் திரும்ப வேண்டும். அது திரும்பாது. அடி முழுக்கப் பல்லில் விழும். நடக்கிற ரோபோவுக்கு ஒவ்வொரு அடியும் ஓர் இடிதான். அதனால் கால்களில் வேறு வழிக்குப் போனார்கள். விட்டம் பெரிய, தட்டையான மோட்டார், கியர் விகிதம் பத்துக்குள். எம்ஐடியின் சீட்டா என்ற நாலுகால் ரோபோவில் நன்றாக நிரூபணமான முறை இது. அடி பட்டால் மூட்டு இளகிக் கொடுக்கும், எவ்வளவு விசை வந்தது என்பது மோட்டார் கரண்டிலேயே தெரிந்துவிடும். விலையாகக் கொடுப்பது கரண்ட். கரண்ட் இரட்டித்தால் காயிலில் சூடு நாலு மடங்கு.

டெஸ்லாவின் மனித உருவ ரோபோ ஆப்டிமஸில் இன்னொரு வழி. 2022-ல் காட்டியபோது உடலில் 28 ஆக்சுவேட்டர் (மூட்டை அசைக்கும் மோட்டார் தொகுப்பு), அதில் பாதி சுழல்வது, பாதி நீளவாட்டில் தள்ளுவது. தள்ளுவதற்குள் பிளானட்டரி ரோலர் ஸ்க்ரூ (சுழற்சியை நேர்த் தள்ளலாக மாற்றும் திருகு) இருக்கிறது. அப்படி ஒரே ஒரு ஆக்சுவேட்டரை வைத்து அரை டன் பியானோவைத் தூக்கிக் காட்டினார்கள். பாஸ்டன் டைனமிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய அட்லஸ் ரோபோ முழுக்க ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது). பல்டி அடித்து உலகத்தையே அசத்தியது அதுதான். ஆனால் ஹைட்ராலிக் என்றால் ஒழுகும், பிரஸ் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2024 ஏப்ரலில் அதை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த நாளே முழு மின்சார அட்லஸை வெளியிட்டார்கள்.

நடப்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அது ஏறக்குறைய கைக்குள் வந்துவிட்ட பிரச்சினை. 1973-ல் ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தில் இச்சிரோ கட்டோவின் குழு வாபாட்-1 என்ற முழு உருவ ரோபோவை நடக்க வைத்தது. 2000-ல் வந்த ஹோண்டா அசிமோ, பாதம் தரையில் தட்டையாகவே பதிந்திருக்கும்படி ஒவ்வொரு அடியையும் கணக்குப் போட்டு வைக்கும். அதனால்தான் முழங்காலை மடக்கியே, பதுங்கிப் பதுங்கி நடப்பது போல் இருக்கும். 2015 ஜூனில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் டார்பா (அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பு) பேரிடர் ரோபோ போட்டி நடந்தது. ஃபுகுஷிமா அணு உலை விபத்துதான் அதற்குத் தூண்டுகோல். கதவைத் திறக்கும்போதும் மணலில் கால் வைக்கும்போதும் கோடிக்கணக்கில் செலவழித்த ரோபோக்கள் தொபுக்கென்று விழுந்தன. 20 லட்சம் டாலர் முதல் பரிசை வென்றது தென்கொரியாவின் டிஆர்சி-ஹூபோ. எப்படி? மண்டியிட்டு, முழங்காலில் பொருத்திய சக்கரத்தில் உருண்டு போயிற்று! நடக்க வேண்டிய இடத்தில் மட்டும்தான் எழுந்து நடந்தது. எனக்கு இன்றைக்கும் பிடித்த பொறியியல் முடிவு அது.

அதற்கப்புறம் நிலைமையை மாற்றியது சிமுலேஷனில் கற்றுக்கொடுக்கும் முறை. கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கான ரோபோக்களை ஒரே நேரத்தில் விழுந்து எழ விடுவார்கள். தரையின் வழுக்கல், உடம்பின் எடை, மோட்டாரின் பலம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அத்தனைக்கும் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டது நிஜத் தரையிலும் நடந்துவிடுகிறது. நடனமும் குங்ஃபூவும் இப்படி வந்தவைதான். நடனத்தில் பாதத்தைத் தவிர வேறெதுவும் எதையும் தொடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் அது சுலபம். அதற்கும் எல்லை உண்டு. 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் அரை மாரத்தானில் 21 ரோபோக்கள் ஓடத் தொடங்கின, 6 முடித்தன. முதலில் வந்த டியான்கோங் எடுத்துக்கொண்டது 2 மணி 40 நிமிடம், நடுவில் மூன்று முறை பேட்டரி மாற்றி, பக்கத்தில் ஆட்கள் கூடவே ஓடி.

இப்போது கைக்கு வருகிறேன்.

உங்கள் ஹெல்ப்பர் ஜாப் மாற்றுவதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். டோரைத் திறக்கிறார். ஏர் கன்னால் சக்கில் (ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) ஒட்டியிருக்கிற உலோகச் சுருளை ஊதுகிறார். ஊதியும் போகாத ஒன்றைக் கொக்கிக் கம்பியால் இழுத்துப் போடுகிறார். கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) சொட்டுகிற ஜாப்பை இடது கையால் பிடித்துக்கொண்டே பெடலை மிதிக்கிறார், சக்கின் தாடையான ஜா திறக்கிறது. புது ஜாப்பை உள்ளே விட்டு, பின்னால் போய் முட்டியதா என்று ஒரு சின்னத் திருகு. முட்டவில்லை என்பது அவர் கையிலேயே தெரிந்துவிடுகிறது, உள்ளே ஏதோ பிசிறு மாட்டியிருக்கிறது. வெளியே எடுத்து, பெருவிரலால் சக்கின் முகத்தை ஒரு தடவு தடவி, திரும்ப விடுகிறார். இப்போது சரி. முழுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை, இதற்கிடையில் பக்கத்து மெஷின் ஆளோடு கிரிக்கெட் வேறு பேசி முடித்திருப்பார்.

அந்தத் திருகிலும் தடவலிலும்தான் சரக்கு இருக்கிறது. மனிதக் கையில் 27 எலும்புகள், தொடுவதை உணர்கிற நரம்பு முனைகள் ஒரு கைக்கு சுமார் 17,000. ஜாப் வழுக்கத் தொடங்குவதற்கு முன்பே, வழுக்கப்போகிறது என்று விரல் நுனித் தோல் சொல்லிவிடும், பிடி தானாக இறுகும். ரோபோக் கைகளில் இதற்கு ஈடாக எதுவும் இன்னும் வரவில்லை. மென்மையான ஜெல்லுக்குப் பின்னால் சின்னக் கேமரா வைத்து ஜெல் எப்படி நெளிகிறது என்று பார்த்து விசையைக் கணிக்கும் விரல்நுனிகள் இருக்கின்றன, எம்ஐடியில் தொடங்கிய ஜெல்சைட் அப்படிப்பட்டது. ஆய்வகத்தில் அழகாக வேலை செய்யும். ஆனால் பிசிறு குத்துகிற, கூலண்ட் ஊறுகிற இடத்தில் ஒரு வாரம் அந்த ஜெல் தாங்குமா என்று கேட்டால் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கையின் இயந்திர அமைப்பும் லேசுப்பட்டதல்ல. விரலுக்குள் மோட்டார் வைக்க இடமில்லை. முன்கையில் மோட்டாரை வைத்து, தசைநார் மாதிரி கேபிள் இழுத்து விரலை மடக்க வேண்டும். அத்தனை கேபிளும் மணிக்கட்டு வழியாகப் போக வேண்டும், மணிக்கட்டோ எல்லாத் திசையிலும் திரும்ப வேண்டும். ஆப்டிமஸின் முதல் கைக்கு 11 அசைவுகள், பிறகு அதை 22 ஆக்கினார்கள். அசைவு கூடக் கூடக் கேபிள், கேபிள் கூடக் கூட அறுவது. ஃபிகர் நிறுவனம் பிஎம்டபிள்யூவின் அமெரிக்க ஆலையில் தன் ரோபோவை ஓட்டிவிட்டுப் பிறகு எழுதியதில், அதிகம் பழுதான இடம் முன்கைதான் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். குறுகிய இடம், சூடு, வயர். முழங்கால் அல்ல, முன்கை.

மூளை விஷயத்துக்கு வருவோம். இப்போதைய போக்கு, பார்ப்பது, சொல்வதைப் புரிந்துகொள்வது, அசைவது மூன்றையும் ஒரே மாடலுக்குள் கொண்டுவருவது. கூகுள் டீப்மைண்டின் ஆர்டி-2 (2023) இந்த வழியைப் பிரபலமாக்கியது. ஃபிகரின் ஹீலிக்ஸ் (2025) இரண்டு அடுக்காக வேலை செய்கிறது. மேலே ஒரு பெரிய மாடல், விநாடிக்கு ஏழு முதல் ஒன்பது முறை காட்சியைப் பார்த்து "அந்தப் பொட்டலத்தை எடுக்க வேண்டும்" என்று முடிவு செய்யும். கீழே ஒரு சின்ன மாடல், விநாடிக்கு 200 முறை விரலும் மணிக்கட்டும் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும். அதற்கும் கீழே மூட்டு மூட்டாக மோட்டார் டிரைவ்கள் இன்னும் வேகமாக ஓடும்.

எங்கே மாட்டுகிறது என்றால், தீவனத்தில், அதாவது கற்றுக்கொள்வதற்கான தரவில். எழுத்தைக் கற்ற மாடல்களுக்கு இணையம் முழுக்கப் படிக்கக் கிடைத்தது. உங்கள் ஹெல்ப்பர் ஜாப்பைத் திருகும்போது விரலில் எவ்வளவு விசை இருந்தது என்று எங்கேயும் யாரும் எழுதி வைக்கவில்லை. வீடியோவில் அது தெரியாது. அதனால் ஆட்களை உட்கார வைத்து, தலையில் விஆர் கருவி மாட்டி, ரோபோவைத் தொலைவிலிருந்து இயக்கச் செய்து, ஒவ்வொரு வேலையையும் திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறார்கள். வீட்டுக்கென்று 2025 அக்டோபரில் 20,000 டாலர் விலையில் அறிவித்த நியோ ரோபோவிலும், அதற்குத் தெரியாத வேலை வந்தால் நிறுவனத்தின் ஆள் ஒருவர் தூரத்திலிருந்து உள்ளே வந்து செய்து காட்டுவார் என்பது திட்டத்தின் ஒரு பகுதியே. அதில் தப்பில்லை, வெளிப்படையாகவே சொல்கிறார்கள். 2024 அக்டோபரில் டெஸ்லா விழாவில் ஆப்டிமஸ் விருந்தினர்களோடு பேசிப் பழகியதன் பின்னாலும் மனிதர்கள் இருந்தார்கள். ஆகவே வீடியோ பார்க்கும்போது ஓரத்தில் "4 மடங்கு வேகம்" என்று பொடி எழுத்து இருக்கிறதா, நடுவில் வெட்டு இருக்கிறதா, எடுக்கிற பொருள் எப்போதும் காய்ந்த அட்டைப் பெட்டியாகவும் துணியாகவுமே இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் ஷாப் கணக்கு. ஒரு ஜாப்புக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மெஷினுக்கு மணிக்கு 20, நாலு மெஷினுக்கு 80. இரண்டு ஷிப்டில் 16 மணி நேரம், ஆக நாளுக்கு 1,280 முறை ஜாப் மாற்ற வேண்டும். ரோபோ நூற்றுக்கு 99 முறை சரியாகச் செய்கிறது என்றால் காகிதத்தில் பிரமாதமாகத் தெரியும். உங்களுக்கு அது நாளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று தப்பு. அதில் சில, ஜாப் கீழே விழுவதோடு போகும். சில, சரியாக உட்காராத ஜாப் மீது டூல் வந்து மோதுவதில் முடியும். இன்சர்ட் (வெட்டும் முனை) போனால் பரவாயில்லை, டரட் (டூல்களைத் தாங்கும் தலை) அலைன்மென்ட் போனால் சர்வீஸ்காரர் வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். 99-லிருந்து 99.9-க்கும் அதற்கு மேலும் போவதுதான் இந்தத் தொழிலின் கஷ்டமான பாதி. அந்தப் பாதியை யாரும் வீடியோவாகப் போடுவதில்லை.

மேலே சொன்ன பிஎம்டபிள்யூ அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், இதுவரை வெளிவந்ததில் நேர்மையான கணக்குகளில் ஒன்று. தகட்டு பாகங்களை ரேக்கிலிருந்து எடுத்து வெல்டிங் ஃபிக்சரில் வைப்பதுதான் வேலை. 11 மாதத்தில் 1,250 மணி நேரத்துக்கு மேல் ஓடி, 90,000-க்கு மேல் பாகங்களை ஏற்றியது என்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு சுமார் 72 பாகம். உங்கள் ஷாப்பில் ஒரு மெஷின் 1,250 மணி நேரத்தை மூன்று மாதத்தில் ஓடிவிடும். வைக்க வேண்டிய துல்லியமும் சில மி.மீ. அளவில்தான், மீதியை ஃபிக்சரின் பின்கள் இழுத்துக்கொள்ளும். உங்கள் சக்கில் அந்தச் சலுகை குறைவு. அஜிலிட்டி நிறுவனத்தின் டிஜிட் ரோபோ 2024 முதல் அமெரிக்காவில் ஒரு கிடங்கில் பிளாஸ்டிக் தொட்டிகளை எடுத்து கன்வேயரில் வைக்கிறது. விரல் கிடையாது, இரண்டு பக்கமும் அமுக்கித் தூக்கும். கைப் பிரச்சினையைத் தீர்க்காமலே தவிர்த்துவிட்டார்கள், புத்திசாலிகள். பாஸ்டன் டைனமிக்ஸின் பெரும் பங்கு 2021-லிருந்து ஹூண்டாயிடம் இருப்பதால், அட்லஸ் தேறினால் இருங்காட்டுக்கோட்டை வரை வரும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை. ஆனாலும் முதலில் அமெரிக்க ஆலைகளில்தான், ஏனென்றால் அங்கே கூலி அதிகம், கணக்கு சீக்கிரம் கட்டுப்படியாகும்.

இன்னொரு விஷயம், பாதுகாப்பு. உங்கள் லேத்தில் சிவப்பு பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும்? நின்றுவிடும், அதுதான் பாதுகாப்பு. இரண்டு காலில் சமநிலை பிடித்து நிற்கிற 70 கிலோ ரோபோவின் மின்சாரத்தை வெட்டினால் அது நிற்காது, விழும். கையில் 10 கிலோ ஜாப்போடு, பக்கத்தில் நிற்பவர் மேலே. தொழிற்சாலை ரோபோக்களுக்கான ஐஎஸ்ஓ 10218 தரநிலை, தரையில் போல்ட் போட்ட கைகளை மனதில் வைத்து எழுதியது. விழக்கூடிய ரோபோக்களுக்கென்று ஐஎஸ்ஓ 25785-1 என்று தனியாக ஒன்று தயாராகி வருகிறது. அது வந்து, ஃபேக்டரி இன்ஸ்பெக்டரும் இன்சூரன்ஸ்காரரும் அதைப் படித்து முடிக்கும்வரை இந்த ரோபோக்கள் வேலிக்குள்தான். வேலி போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் கால் எதற்கு?

பேட்டரியும் சூடும். ஆப்டிமஸில் 2.3 கிலோவாட் அவர் பேட்டரி, அதாவது இரண்டேகால் யூனிட். மின்வாரிய பில்லுக்குப் பயப்பட வேண்டியதே இல்லை. சும்மா உட்கார்ந்தால் 100 வாட், வேகமாக நடந்தால் 500 வாட் என்று 2022-ல் சொன்னார்கள், அந்தக் கணக்கில் தொடர்ந்து நடந்தால் நாலரை மணி நேரம்தான் தாங்கும். ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேட்டரியாவது வேண்டும். எனக்குக் கவலை சென்னை வெயில். கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே ஷாப்புக்குள்ளேயே 40 டிகிரியைத் தாண்டும். சாதாரண லித்தியம் அயான் பேட்டரியை 45-க்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80-ஐ நெருங்கினால் பலம் இழக்கத் தொடங்கும். மூட்டுக்குள் காயில், காந்தம், கியர் கிரீஸ் எல்லாம் ஒரே டப்பாவில் அடைத்து, வெளியே கூலண்ட் புகை. போதாதற்கு எண்ணெய்த் தரை. தயாரிப்பாளர் ஏசி ஹாலில் காட்டிய டெமோவை அப்படியே நம்பி வாங்க முடியாது.

அப்படியானால் உங்கள் ஹெல்ப்பர் பிரச்சினைக்கு என்ன வழி? ரோபோவை மனித உருவத்தில் தேடாதீர்கள். நம்ம ஐஐடி மெட்ராஸ் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஹோமோசெப் என்ற இயந்திரத்தை உருவாக்கியது. மனிதர் இறங்கக் கூடாத இடம் அது, ஆனால் அதற்காக மனித உருவத்தை இறக்கவில்லை. விரியும் கத்திகளோடு ஒரு தண்டு இறங்கிக் கசடைக் கலக்குகிறது, பம்ப் உறிஞ்சுகிறது. இஸ்ரோவின் வியோமித்ராவுக்குக் காலே இல்லை, விண்வெளியில் எதற்கு என்று இடுப்போடு நிறுத்திவிட்டார்கள். வேலை எதைக் கேட்கிறதோ அந்த உருவம்.

உங்களுடையது பார் ஸ்டாக் (நீளக் கம்பி) வேலை என்றால் பார் ஃபீடர் (கம்பியைத் தானாக உள்ளே தள்ளும் கருவி) போடுங்கள், பேச்சே முடிந்தது. வெட்டிய பில்லட் (கட்டி) அல்லது ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய துண்டு) என்றால், எதிரெதிராக இரண்டு லேத்தை நிறுத்தி நடுவில் ஓர் ஆறு அச்சு கோபாட் (ஆட்களுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் ரோபோ கை). 10, 12 கிலோ தாங்கும், திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு 0.05 மி.மீ.க்குள் வரும், 24 மணி நேரமும் பிளக்கில். ஜாப்பை வரிசையாக வைக்க ஒரு டிராயர் ட்ரே. சக்குக்குள் ஏர் ப்ளோ, முட்டியதா என்று காற்றழுத்தத்தை வைத்துச் சொல்ல ஏர் சென்சிங், ஆட்டோ டோர். உங்கள் ஹெல்ப்பரின் பெருவிரல் வேலையை இந்த ஏர் சென்சிங் செய்துவிடும், அழகாக இல்லாவிட்டாலும் நம்பிக்கையாக. இதைவிட முக்கியம், நீளமான சுருள் வராதபடி இன்சர்ட்டின் சிப் பிரேக்கரையும் (சுருளை உடைக்கும் பள்ளம்) ஃபீடையும் (டூல் நகரும் வேகம்) முதலில் சரி செய்வது. ஒரகடத்தில் ஒரு ஆலையில் கோபாட் வாங்கிய பிறகுதான் சுருளைப் பற்றி யோசித்தார்கள். கிரிப்பரில் சுருள் சுற்றி, நாளெல்லாம் அலாரம், கடைசியில் ரோபோவுக்கு ஒரு ஹெல்ப்பர் போட்டார்கள்.

யாராவது மனித உருவ ரோபோவை விற்க வந்தால் துரத்தாதீர்கள், நானும் ஆவலோடு காத்திருக்கிற ஆள்தான். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். மனிதர் குறுக்கிடாமல் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் ஓடியது? கை பழுதானால் மாற்றுக் கை சென்னையில் எத்தனை நாளில் கிடைக்கும், விலை என்ன? என் ஷாப்பில், என் எண்ணெய் ஜாப்பை வைத்து, ஒரு முழு ஷிப்ட் ஓட்டிக் காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்று ஒருவர் சொல்லும் நாளில் எனக்கும் ஒரு போன் போடுங்கள்.

மகன் விஷயம். தாராளமாகப் போகட்டும், மெக்கானிக்கல் படிப்பதை நினைத்துத் தாழ்வாக எண்ண வேண்டாம். மேலே பார்த்தீர்களே, மாட்டுகிற இடமெல்லாம் கியர், காந்தம், கேபிள், சூடு. 2025 ஏப்ரலில் சீனா அரிமண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் ஊர் வாகன நிறுவனங்களே தவித்தன. மோட்டார், சின்ன கியர்பாக்ஸ், விரல்நுனி சென்சார் செய்யத் தெரிந்தவர்களுக்கு இங்கேயே வேலை இருக்கும். கூடவே பைதானும் கன்ட்ரோல் தியரியும் கட்டாயம். மூஜோகோ என்ற சிமுலேட்டர் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும், அதில் ஒரு காலை நிற்க வைத்துப் பழகட்டும். அப்புறம் எஸ்ஓ-100 என்று ஒரு சின்னக் கை இருக்கிறது, வடிவமைப்பு முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. பாகங்களை 3டி பிரிண்டரில் எடுத்து, சர்வோ மோட்டார்களை ஆன்லைனிலோ ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தோ வாங்கிவிடலாம். இரண்டு கை கட்ட வேண்டும், ஒன்றைக் கையால் அசைத்தால் மற்றது அதைப் பார்த்துச் செய்யும், அதைப் பதிவு செய்து கற்றுக்கொடுக்கலாம். முதலில் காய்ந்த வாஷரை எடுக்கச் சொல்லிக் கொடுக்கட்டும். அது வந்ததும் அதே வாஷரைக் கூலண்டில் முக்கிக் கொடுங்கள்.